தடித்த கண்ணாடியில் வட்டு வெட்டுவது எப்படி: இரும்புப் பட்டையும் கார்போரண்டம் பொடியும்

சொந்தமாகத் தொலைநோக்கி செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆடியை, அதாவது ஒளியைக் குவிக்கும் குழிந்த கண்ணாடியை, எப்படித் தேய்ப்பது என்று படித்திருப்பார்கள். குழாய்க்கு என்ன, ஸ்டாண்டுக்கு என்ன என்று நோட்டில் வரைந்தும் வைத்திருப்பார்கள். ஆனால் தேய்ப்பதற்கு ஆறு அங்குல வட்டக் கண்ணாடி வேண்டுமே, அதுவும் முக்கால் அங்குல கனத்தில்? கண்ணாடிக் கடையில் கேட்டால் ஐந்து எம்.எம்., ஆறு எம்.எம். கண்ணாடியை வட்டமாகக் கீறி உடைத்துத் தருவார்கள். பத்தொன்பது எம்.எம். என்றதும் கையை விரித்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. அந்தக் கனத்தில் கீறல் வளைந்து ஓடாது. நேராக ஓடி வட்டத்தைப் பிளந்துவிடும்.

வாட்டர்ஜெட் (வேகமான தண்ணீர்த் தாரையால் வெட்டும் மிஷின்) பட்டறையில் கொடுத்தும் வெட்டலாம். ஒரே ஒரு வட்டுதான் வேண்டும், வாரக்கடைசி நேரமும் கிடையாது என்றால் அதையே செய்யுங்கள். இந்தக் கட்டுரை, தன் கையால் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு. நான் பெரம்பூரில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்கிறேன். இதுவரை பதினொரு வட்டுகள் வெட்டியிருக்கிறேன், மூன்றை உடைத்திருக்கிறேன். உடைந்த மூன்றும் எதனால் உடைந்தன என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எது வெட்டுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நாம் செய்யப்போகும் கருவி, வளைத்துப் பற்றவைத்த ஓர் இரும்புப் பட்டை. அதற்குப் பல் கிடையாது, கூர்மையும் கிடையாது. மரத்தில் வட்டத் துளை போடும் ஹோல்சா ரம்பம் மாதிரி அது கண்ணாடியைச் செதுக்குவதில்லை. பட்டையின் அடி விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீரில் குழைத்த கார்போரண்டம் பொடி இருக்கிறது. அந்த மணிகள் உருண்டு, புரண்டு, தம் முனையால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளைப் பெயர்க்கின்றன. வெட்டுவது பொடி, வளையம் அதைச் சுமந்து சுற்றுகிறது, அவ்வளவுதான்.

கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் 1890-களின் தொடக்கத்தில் மின்னுலையில் செய்த பொருள். மோஸ் கடினத்தன்மை அளவில் ஜன்னல் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கத்தில் வரும். சிலிக்கன் கார்பைடு ஒன்பதைத் தாண்டும். இரும்பு கண்ணாடியைவிட மிருதுவாக இருப்பதும் நமக்கு நல்லதுதான். மணிகள் அதன் விளிம்பில் கொஞ்சம் பதிந்து, பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன.

இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே புரியும். வேகமாகச் சுற்றினால் பொடி வெளியே தெறித்துவிடும், வளையம் வெறும் இரும்பாகக் கண்ணாடியில் உரசிச் சூடேற்றும். அழுத்தமாகத் தள்ளினால் மணிகள் சீக்கிரம் நொறுங்கும், வேலை நகராது. தூக்காமலே ஓட்டினால் புதுப் பொடி விளிம்புக்கு அடியில் போகவே போகாது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கண்ணாடி வாங்கும்போது

சென்னையில் கட் பீஸ் கண்ணாடி கிடைக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. பூங்கா நகர் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் அதைவிட அதிகமாகப் போவது கொளத்தூருக்கு. அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். பெரிய தொட்டி செய்கிறவர்களிடம் பத்து, பன்னிரண்டு எம்.எம். துண்டுகள் மிஞ்சும். நான்கு அங்குல வட்டுக்குப் பன்னிரண்டு எம்.எம். போதும். ஆறு அங்குலத்துக்குப் பத்தொன்பது எம்.எம். வாங்குங்கள். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு கனம் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அதன்படி ஆறு அங்குலத்துக்கு இருபத்தைந்து எம்.எம். வேண்டும், ஆனால் ஆடியைப் பின்னால் சரியாகத் தாங்கினால் பத்தொன்பதிலேயே நல்ல ஆடி வரும், எனக்கு வந்திருக்கிறது.

துண்டின் அளவு வட்டத்தைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலம் பெரியதாக இருக்கட்டும். விளிம்புக்கு ஒட்டி வெட்டினால் மெல்லிய பக்கம் விரிசல் விடும்.

இப்போது முக்கியமான விஷயம். கடைக்காரர்கள் டஃபன்டு என்று சொல்லும் கண்ணாடியை வாங்கவே கூடாது. அதைச் சூடாக்கி, காற்று ஊதிச் சட்டென்று குளிரவைத்திருப்பார்கள். மேல்தோல் அமுக்கத்திலும் உள்ளே இழுவிசையிலும் நிற்கும். தோலைத் தாண்டி நம் பள்ளம் இறங்கியதும் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல்கண்டு கல்கண்டாகச் சிதறும். என் முதல் கண்ணாடி அப்படித்தான் போனது. பிளெயின் கிளாஸ் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். கடைக்காரருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பழைய மேஜைப் பலகையிலிருந்து வந்த துண்டு அது. அன்று முகத்தில் காகிள்ஸ் இருந்தது. இல்லாமல் இந்த வேலைக்கு உட்காரவே உட்காராதீர்கள்.

கடையிலேயே சோதித்துவிடலாம். மூலையில் அழியாத சின்ன முத்திரை இருந்தால் அது டஃபன்டு. ஆனால் முத்திரை இல்லாததால் பிளெயின் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றும், எல்.சி.டி. திரை உள்ள லேப்டாப் ஒன்றும் போதும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அதைத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். அப்படியே பிடித்துக்கொண்டு, திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே நம் கண்ணாடியை வையுங்கள். இருட்டு இருட்டாகவே இருந்தால் நல்ல கண்ணாடி. ஓரங்களில், மூலைகளில் வெளிச்சத் திட்டுகளோ வண்ணப் பட்டைகளோ தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதற்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக நான் கூச்சப்படுவதில்லை. நீங்களும் படாதீர்கள்.

பிளெயின் கண்ணாடி என்பது உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு, பிறகு நிதானமாக ஆறவிட்ட ஃப்ளோட் கண்ணாடி. இங்கே பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபேன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து அதைத்தான் செய்கிறது. நம் முதல் ஆடிக்கு இது தாராளமாகப் போதும். சூடு பட்டால் போரோசிலிக்கேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும் என்பது ஒன்றுதான் குறை.

வளையம் செய்வது

ஆறு அங்குலம் என்றால் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாம் போடப்போகும் எண்பது நம்பர் பொடியின் மணி சுமார் 0.2 மி.மீ. பெரியது (நம்பர் கூடக்கூட மணி சிறியதாகும்). வளையத்தின் சின்னக் கோணல்களும் சேர்ந்து, வட்டு எப்போதும் வளையத்தின் உள்விட்டத்தைவிடச் சிறியதாகவே வரும். அதனால் உள்விட்டத்தை 152 ஆக வையுங்கள்.

ஹார்டுவேர் கடையில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை கேளுங்கள்: 2 மி.மீ. கனம், 60 மி.மீ. அகலம். நீளம் எவ்வளவு? வளைக்கும்போது பட்டையின் நடுக்கோடு நீளாமலும் சுருங்காமலும் நிற்கும். ஆகவே 152 உடன் ஒரு பட்டைக் கனத்தைக் கூட்டி 154 என்று எடுத்து, 3.1416 ஆல் பெருக்கினால் 484 மி.மீ. வரும். உள்விட்டத்தை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஆறு மில்லிமீட்டர் குறைந்துபோகும். வளையம் மூடும்போதுதான் அது தெரியும்.

வளைப்பதையும் இணைப்புப் பற்றவைப்பையும் ரோலிங் மிஷின் இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவதே நல்லது. பற்றவைத்த இடம் உள்ளேயும் வெளியேயும் துருத்தக் கூடாது. அரம் போட்டு மட்டமாக்குங்கள். பிறகு வளையத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். அடி விளிம்பு முழுக்கப் படிய வேண்டும். படியாவிட்டால் ஒரு பழைய கண்ணாடியில் பொடியும் தண்ணீரும் போட்டு, வளையத்தைக் கையால் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் சரியாகிவிடும். விட்டத்தை வெர்னியரால் நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மரச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யுங்கள். வளையம் கோணலாக இருந்தால் பள்ளம் அகலமாகும். அகலப் பள்ளத்துக்கு நேரமும் பொடியும் இரட்டிப்பாகும்.

மேல்மூடிக்கு 19 மி.மீ. பிளைவுட்டை வட்டமாக அறுத்து, வளையத்துக்குள் இறுக்கமாக உட்காரவைத்து, பக்கவாட்டில் ஆறு திருகுகள் போடுங்கள். மூடியில் 12 மி.மீ. துளைகள் நான்கு வேண்டும். இரண்டு துளைகள் வழியாகத்தான் உள்ளே பொடி ஊற்றப்போகிறோம். தூக்கும்போது காற்று போகவும் அவை உதவும். மற்ற இரண்டு, மையத்திலிருந்து சமதூரத்தில் எதிரெதிராக, சுழற்றும் போல்ட்டுகளுக்கு.

கடைசியாக, அடி விளிம்பில் ஹேக்சாவால் நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றும் 12 மி.மீ. ஆழம், 3 மி.மீ. அகலம். இந்த வாசல்கள் வழியாகத்தான் பொடிக் குழம்பு விளிம்புக்கு அடியில் புகும். வெட்டின் ஓரங்களை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூராக இருந்தால் கண்ணாடியைக் கவ்விப் பெயர்க்கும்.

சுழற்றும் ஏற்பாடு

மூன்று அங்குல வட்டை பெஞ்ச் டிரில்லில், பெல்ட்டைக் கடைசிப் புல்லிக்கு மாற்றி, மிகக் குறைந்த வேகத்தில் வெட்டலாம். ஆறு அங்குலத்துக்கு அந்த வேகமும் அதிகம்.

நான் பயன்படுத்துவது கார் வைப்பர் மோட்டார். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். 12 வோல்ட் லாரி வைப்பர் கிடைத்தால் இன்னும் திடம். நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது சுற்று; நமக்கு வேண்டியதும் அதுதான். 12 வோல்ட்டில் ஓடுவது இன்னொரு பெரிய நன்மை. தண்ணீரும் சேறும் தெறிக்கும் இடத்தில் 230 வோல்ட் மோட்டாரை வைத்துக்கொண்டு வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. பேட்டரியிலோ பத்து ஆம்பியர் தரும் பவர் சப்ளையிலோ ஓட்டலாம். பவர் சப்ளையைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்து, அந்த லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். வைப்பர் மோட்டார் சூடாகும். இருபது நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

மோட்டாரை ஒரு மரச் சட்டத்தில் தலைகீழாக, அச்சு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். அச்சில் ஒரு இரும்புத் தகடு. தகட்டிலிருந்து இரண்டு நீள போல்ட்டுகள் கீழே தொங்கும். அவை வளையத்தின் மூடியில் உள்ள இரண்டு துளைகளுக்குள் லூசாக நுழையும். இப்படிச் செய்தால் மோட்டார் சுற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும். வளையம் தன் எடையில் தானே இறங்கும். பிடித்துக் கட்டியதுபோல இறுக்கமாக மாட்டினால் சட்டத்தின் கோணல் அப்படியே வளையத்துக்குப் போய், பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

எடைக்கு டம்பெல் தட்டு ஒன்றை மூடியின் மேல் நடுவில் போல்ட் போட்டு இறுக்குங்கள். வளையத்தோடு சேர்த்து மூன்று கிலோ போதும்.

அடிக்கண்ணாடி ஒட்டுவது

இதைத் தவிர்த்துவிடலாம் என்று தோன்றும். தவிர்க்காதீர்கள். பள்ளம் கண்ணாடியின் அடிப்பக்கத்தை நெருங்கும்போது, மிச்சமிருக்கும் மெல்லிய சவ்வு எடை தாங்காமல் பெயரும். பெயரும்போது வட்டின் விளிம்பிலிருந்து சிப்பி ஓடு மாதிரி ஒரு சில்லைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். என் இரண்டாவது கண்ணாடி, ஒரு நாள் முழுக்க உழைத்த பிறகு, பதினேழு மில்லிமீட்டர் ஆழத்தில் இப்படி வீணானது. விரல் நுழையும் அளவுக்குச் சில்லு போயிருந்தது.

அதனால் வெட்டும் கண்ணாடிக்கு அடியில் 4 அல்லது 5 எம்.எம். ஜன்னல் கண்ணாடி ஒன்றை ஒட்ட வேண்டும். பாரஃபின் மெழுகு இரண்டு பங்கு, ரோசின் ஒரு பங்கு. சால்டரிங் வைக்கும்போது தொட்டுக்கொள்வோமே, அதே ரோசின். பொடித்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். வெறும் மெழுகு மட்டும் போட்டால் சென்னை வெயிலில் இளகி வழுக்கும்.

கண்ணாடிகள் குளிர்ந்திருந்தால் மெழுகு ஊற்றியதும் உறைந்துவிடும், ஒட்டாது. இங்கே நம் ஊர் வெயில் கைகொடுக்கிறது. இரண்டு கண்ணாடிகளையும் காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் துணி விரித்துப் போட்டுவிடுங்கள். மதியம் தொட முடியாத சூட்டில் இருக்கும். அப்போது மெழுகை நடுவில் ஊற்றி, மேல்கண்ணாடியை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து இறக்கினால் காற்றுக் குமிழி ஓரமாக வெளியேறும். நிழலுக்குக் கொண்டுவந்து தானாக ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் தெளித்தால் தடித்த கண்ணாடி விரிசல் விட்டுவிடும். என்னுடைய மூன்றாவது உடைப்பு அதுதான்.

வெட்டுவது

ஒட்டிய கண்ணாடியை ஒரு தடித்த ரப்பர் விரிப்பின் மேல் மட்டமாக வையுங்கள். ரசமட்டம் போட்டுப் பாருங்கள். சாய்வாக இருந்தால் குழம்பு ஒரே பக்கம் போய்த் தேங்கும்.

தொடக்கத்தில் வளையம் வழுக்கி அலையும். அதற்கு, வளையம் சரியாக நுழையும் துளையுள்ள ஒரு பிளைவுட் பலகையைக் கண்ணாடியின் மேல் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியதும் பலகை தேவைப்படாது. பள்ளமே வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். பலகையை எடுத்துவிட்டு, வெட்டு வட்டத்துக்கு வெளியே மூன்று விரல் தள்ளிக் களிமண்ணால் வரப்பு கட்டுங்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் கிடைக்கும் களிமண் அருமையாக நிற்கும். கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்தால் தண்ணீரில் கரையாது.

பொடி எண்பது நம்பர். அறுபதும் ஓடும், ஆனால் ஓரச் சில்லு அதிகம். நூற்றிருபது மெதுவாக இறங்கும். ஒரு வட்டுக்குக் கால் கிலோவிலிருந்து முந்நூறு கிராம்வரை எனக்குச் செலவாகிறது. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பொருள் அந்நியமில்லை. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் தொடங்கியது இந்த ஊரில்தான், அவர்கள் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது. கடையில் எமரி பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். அது அலுமினா கலந்தது. இந்த வேலைக்கு மிகவும் மெதுவானது.

ஒரு தேக்கரண்டி பொடியும் இரண்டு தேக்கரண்டி தண்ணீரும் குழைத்து, பாதியை மூடித் துளை வழியாக உள்ளேயும் பாதியை வெளியேயும் விடுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் போதும். நீர்த்துப்போனால் மணிகள் வெட்டாமல் ஓரமாக ஒதுங்கிவிடும்.

மோட்டாரை ஓடவிடுங்கள். இனி காதுதான் வழிகாட்டி. புதுப் பொடியில் கரகரவென்று உரத்த சத்தம் வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது மங்கி, சர்சர் என்று மாவரைக்கும் சத்தமாகும். மணிகள் நொறுங்கிவிட்டன என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்தி, வளையத்தைப் பள்ளத்தைவிட்டு ஒரு அங்குலம் தூக்கி, குழம்பு உள்ளே வடியவிட்டு, மறுபடி இறக்குங்கள். மூன்று முறை தூக்கியும் கரகரப்பு திரும்பாவிட்டால் புதுப் பொடி ஒரு அரைக் கரண்டி. பழையதை ஒவ்வொரு தடவையும் வழித்தெடுக்க வேண்டியதில்லை. சாம்பல் நிறமாகக் கெட்டியாகிவிட்டால் மட்டும் ஸ்பாஞ்சால் எடுத்துவிடுங்கள்.

இந்தத் தூக்கி இறக்கும் வேலை அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டு நகர்வது இதனால்தான். தூக்காமல் அரை மணி ஓட்டிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள்; அரை மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கினால் அதே நேரத்தில் மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். என் வைப்பர் மோட்டாரில் 19 எம்.எம். கண்ணாடி முழுக்க இறங்கத் தூக்குதல், அளத்தல், மோட்டார் ஓய்வு எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஆகிறது. அதற்குள் சுமார் எழுபது கிராம் கண்ணாடி பொடியாகியிருக்கும். வளையமும் நாலைந்து மில்லிமீட்டர் தேய்ந்திருக்கும். அடுத்த வட்டுக்கு முன்பு வாசல் வெட்டுகளை மறுபடி ஆழமாக்க மறக்காதீர்கள்.

நடுவில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் வளையத்தை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் போங்கள். பள்ளத்திலேயே விட்டால் சேறு இறுகி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அசைத்து எடுக்கிற அசைப்பில் கண்ணாடி போய்விடும். அப்படி ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள்.

ஓடும் மிஷினுக்குப் பக்கத்தில் துப்பட்டா, தொளதொள சட்டை, அவிழ்த்துவிட்ட கூந்தல், கையுறை எதுவும் வேண்டாம். கையுறையைக் கண்ணாடித் துண்டு தூக்கும்போது மட்டும் போடுங்கள்.

கடைசி இரண்டு மில்லிமீட்டர்

வளையத்தின் வெளிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்திருந்தால் ஆழம் பார்வையிலேயே தெரியும். விளிம்பு தேய்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினேழு மில்லிமீட்டரைத் தொட்டதும் டம்பெல் தட்டைக் கழற்றிவிடுங்கள். வளையத்தின் சொந்த எடை மட்டும் போதும். பொடியையும் குறைத்துப் போடுங்கள்.

அடிப்பக்கம் திறந்ததும் சாம்பல் குழம்பில் வெள்ளையாக மெழுகுத் துணுக்குகள் மிதக்கும். சத்தமும் மந்தமாகிவிடும். ஆனால் சுற்றிலும் ஒரே நேரத்தில் திறக்காது, ஒரு பக்கம் முன்னால் திறக்கும். அதனால் மெழுகைப் பார்த்ததும் நிறுத்தாமல், அடிக்கண்ணாடியில் வட்டம் முழுக்கக் கோடு விழும்வரை இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். டார்ச் அடித்துப் பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வட்டைப் பெயர்க்க ஆசை வரும். நெம்பாதீர்கள். எல்லாவற்றையும் கழுவி, மறுநாள் வெயிலில் வையுங்கள். மெழுகு இளகியதும் வட்டை ஓர் ஓரமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு தனியே வரும். ஒட்டியிருக்கும் மெழுகைச் சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்து, மிச்சத்தை டர்பன்டைன் தொட்டு எடுக்கலாம். கையில் எடுத்துப் பாருங்கள்: 840 கிராம் இருக்கும், ஓரம் பனிபடர்ந்த மாதிரி மங்கலாக இருக்கும். என் முதல் முழு வட்டைக் கையில் வாங்கிய அன்று, இது நம் மாடியிலிருந்து வந்ததா என்று நம்பவே முடியவில்லை.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் பெங்களூரில் இந்திய வானியற்பியல் மையத்தின் பட்டறையில் தேய்த்ததுதான். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் போய்ப் பாருங்கள். கண்ணாடியும் பொடியும் தண்ணீரும் என்ன செய்ய முடியும் என்பது அங்கே தெரியும்.

ஓரம் சீவுவது

வெட்டியெடுத்த வட்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கையைக் கிழிக்கும் என்பது ஒருபுறம். லேசாக இடித்தாலே அந்தக் கூரிலிருந்து சில்லு கிளம்பி வட்டின் தட்டையான முகத்துக்குள் ஓடிவிடும். சாணைக்கல் ஒன்றை வாங்கி, பக்கெட் தண்ணீருக்குள் வட்டைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஓரத்தைத் தேயுங்கள். கல்லை எப்போதும் முகத்திலிருந்து பக்கவாட்டை நோக்கித் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் நீங்களே சில்லு பெயர்ப்பீர்கள். இரண்டு முகத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலச் சாய்வு வேண்டும். ஆடி தேய்க்கும்போது இது கரைந்துகொண்டே வரும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

பிறகு வட்டைக் கழுவி, இருட்டில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி இழை மாதிரி ஏதாவது மின்னினால் அது விரிசல். அந்த வட்டை ஆடியாக்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் சில்லு இருந்தால் பரவாயில்லை, சாய்வுக்குள் போய்விடும்.

ஆடி தேய்க்க இரண்டு வட்டுகள் வேண்டும், ஒன்று ஆடி, இன்னொன்று அதை எதிரே வைத்துத் தேய்க்கும் டூல். ஆகவே மறுவாரமும் இதே வேலை இருக்கிறது. இரண்டாவதில் சின்னக் குறை இருந்தால் அதை டூலாக வைத்துக்கொள்ளலாம்.

சேற்றை என்ன செய்வது

இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வரும். கண்ணாடித் தூளும் இரும்பும் பொடியும் கலந்த இந்தச் சேற்றைக் குளியலறையிலோ சிங்க்கிலோ ஊற்றவே கூடாது. குழாயின் வளைவில் படிந்து, சிமென்ட் போல இறுகிவிடும். எல்லாவற்றையும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் வழித்துப் போட்டு, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் கட்டியைக் காயவைக்காமல் ஈரமாகவே கவரில் கட்டிக் குப்பையில் போடலாம்.

ஈரமாக இருக்கும்வரை இந்தத் தூள் ஒன்றும் செய்யாது. காய்ந்தால் காற்றில் பறக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். அதனால் தரையை விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே டப்பாவில் அலசுங்கள். வேலைக்குப் போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்க வேண்டாம். ஆடி மெருகேற்றும் மேஜையும் இந்த இடமும் தனித்தனியாக இருக்கட்டும். எண்பது நம்பர் மணி ஒன்றே ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால் மெருகேறிய முகத்தில் கோடு கிழித்துவிடும். வளையத்தைக் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.